பல் செட்டுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் கோவிலில் செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஐந்தரைக்கு, தொலைந்ததைத் தேடித் தரும் புனிதர் அந்தோனியாருக்கு நவநாள் வழிபாடு. பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அவருடைய சுரூபத்தின் காலடியில் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். ஒன்றில் 'மன்றாட்டு' என்றும் மற்றதில் 'நன்றி' என்றும் எழுதியிருக்கும். வேண்டியதைக் கடதாசியில் எழுதி முதலாவதில் போடலாம். கிடைத்ததற்கு நன்றி எழுதி இரண்டாவதில் போடலாம். முதற்பெட்டிக்குச் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வயிறு நிறைந்து, மூடி சரியாக மூடாது. இரண்டாம் பெட்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே நாலைந்து கடதாசிகள் சரசரக்கும். அதிலும் ஒன்று பெட்டி மாறி விழுந்த மன்றாட்டாக இருக்கும். ஆண்டவர் பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்கினார், ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னான் என்று சுவிசேஷம் வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், அந்தக் காலத்துச் சனங்கள் பரவாயில்லை என்றே எனக்குத் தோன்றும்.

நன்றிப் பெட்டியில் விழும் கடிதங்களை நவநாளில் மைக்கில் வாசிப்பது என் ஊழியம். முன்பு வாசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை பிள்ளைகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு நல்ல குரல்" என்றார். அந்தக் குரலை இருபத்திரண்டு வருடமாக வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் தொழில். எழுத்தோடு புழங்குகிறவன், அத்தோடு செவ்வாய்க்கிழமை மாலைகளில் எந்தப் பயனுள்ள வேலையும் இல்லாதவன். பங்கில் இந்த இரண்டு தகுதியும் ஒருங்கே அமைந்த ஆள் நான் ஒருவன்தான்.

சுற்றறிக்கைத் தமிழ் ஓர் அற்புதமான தமிழ். அதில் யாரும் எதையும் செய்வதில்லை. கோப்பு தொலைந்திருக்கும், தாமதம் ஏற்பட்டிருக்கும், வருத்தம் தெரிவிக்கப்படும். தொலைத்தவர், தாமதித்தவர், வருந்துகிறவர் என்று ஒரு மனுசன் அந்தத் தாளில் இருக்கமாட்டான். இருபது வருடம் இதில் ஊறிய கையோடுதான் நான் கோவில் பெட்டியைத் திறந்தேன்.

கோவில் கடிதங்களோ நேர்மாறு. அவற்றில் மனுசர் தவிர வேறு எதுவுமில்லை. ஒருவர், மூன்றாவது இழுப்பிலேயே த்ரீவீல் ஸ்டார்ட் ஆனதற்கு நன்றி சொல்லியிருப்பார். இன்னொரு பெண் தன் புருசன் நான்கு நாளாகக் குடிக்கவில்லை, ஐந்தாம் நாள் பற்றி அடுத்த கிழமை எழுதுகிறேன் என்று எழுதியிருப்பார். பேராதனைப் பக்கத்தில் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று, தனக்குக் கொடுத்ததோடு கையிருப்பு முடிந்துவிட்டதற்காக மனமுருகி நன்றி சொன்ன ஒருவரும் உண்டு. பின்னால் நின்றவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டேன்.

நான் திருத்தத் தொடங்கியது ஒரு நல்ல நோக்கத்தோடுதான். ஒரு கடிதத்தில், 'என் பக்கத்து வீட்டார் வீடு மாறிப் போனதற்காக அந்தோனியாருக்குக் கோடி நன்றி' என்று இருந்தது. மாறிப் போனவர்கள் மூன்றாவது வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்குக்கு முன்னால் நின்றபடியே அதை, 'அயலில் சமாதானம் நிலவுவதற்காக' என்று மாற்றி வாசித்தேன். இரு தரப்பாரும் ஆமென் என்றார்கள். அந்த ஆமென் என் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து திங்கட்கிழமையே கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சிவப்புப் பேனையோடு உட்காரத் தொடங்கினேன். மூலநோய் 'உடல் உபாதை' ஆனது. கொழுந்தனின் கடன்காரன் 'குடும்பச் சுமை' ஆனான். நவநாள் முடிந்து போகையில் யாராவது, "வாசிப்பு அருமை" என்றால், அதை நான் இலக்கிய விமர்சனமாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் யாழ்ப்பாணப் பக்கம், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். மாலைச் செபமாலை முடிந்ததும் அவர் நன்றி சொல்வதைக் கேட்டால் ஒரு நாளின் முழு விபரமும் தெரிந்துவிடும். பஸ்ஸில் சீட் கிடைத்தது, குசினிக் குழாயில் தண்ணீர் வந்தது, குரங்கு வந்தும் ஒரு பப்பாசியை விட்டுவைத்துப் போனது, தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதிபர் இன்று வரவில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொல்வார். பிறகு என் முறை. நான், "ஆண்டவரே, சகலவற்றுக்கும் நன்றி" என்பேன். சுற்றறிக்கையின் கடைசி வரி மாதிரி அது எல்லாருக்கும் பொருந்தும், யாருக்கும் உறைக்காது.

"சகலதும் எண்டா என்னென்ன?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்."

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது. கட்டம் போட்ட கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள். நீலப் பேனையால் அழுத்தி எழுதிய பெரிய எழுத்துகள். அதன் தொடக்கத்தை அப்படியே தருகிறேன்:

'அன்புள்ள புனித அந்தோனியாருக்கு. என் மேல் பல் செட் காணாமல் போனது. என் மருமகள்தான் குப்பையோடு போட்டுவிட்டாள் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் ஞாயிறு பூசை முடிந்து கோயில் கேட் கிட்ட வைத்து எல்லாருக்கும் முன்னால் அவளை ஏசினேன். நான் சோறு தின்னக்கூடாது என்றுதான் போட்டாள் என்றும் சொன்னேன். அவள் அன்றைக்கே அவ அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது பல் செட் கிடைத்துவிட்டது. என் கார்டிகன் பக்கட்டில் இருந்தது. வைத்தது நான்.'

ஒரு புனிதருக்கு முன்னால், பீடத்துக்குப் பக்கத்தில், மெழுகுதிரி வெளிச்சத்தில் 'பல் செட்' என்ற சொல்லை நான் உச்சரிப்பதா? என் சிவப்புப் பேனை தானாகவே எழுந்தது. நான் உருவாக்கிய வடிவம் இது: 'காணாமற்போன பொருளொன்று மீளக் கிடைத்தமைக்காகவும், குடும்பத்தில் ஏற்பட்ட மனக்கசப்பு நீங்கியமைக்காகவும் ஒரு சகோதரி புனிதருக்கு நன்றி தெரிவிக்கின்றார்.' இரண்டு தாள் இரண்டு வரியானது. இதைவிடச் சுருக்கமாக யாராலும் முடியாது என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை வாசித்தேன். வழக்கமான ஆமென் வந்தது. நவநாள் முடிந்து வெளியே வந்தபோது மெழுகுதிரித் தட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா காத்துக்கொண்டு நின்றார். அறுபது வயது தாண்டியவர். ஞாயிறு பூசையில் பார்த்திருக்கிறேன். மாநகரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, ஒரே மகன் கத்தாரில் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, மேல்வரிசைப் பற்கள் மிகவும் வெள்ளையாகவும் ஒரே அளவாகவும் இருந்தன என்பது மட்டும்.

"சேர், என்னோட கடுதாசி என்னா ஆச்சு?"

"வாசிச்சேனே அம்மா. காணாமப் போன பொருள்னு..."

"அதுவா என்னோடது?" அவர் குரல் ஏறியது. "நான் பல்லுன்னு எழுதினேன். நீங்க பொருள்ன்னு வாசிக்கிறீங்க. பொருள்ன்னா என்னா சேர், கொடையா? செருப்பா?"

"கோவில்ல கொஞ்சம் மரியாதையா இருக்கணும்னு..."

"பல்லுல என்னா சேர் மருவாதி கொறைஞ்சு போச்சு? ஆண்டவர் குடுத்த பல்லு கொட்டிப் போச்சு. டொக்டர் குடுத்த பல்லு கெடைச்சிருச்சு. நான் நன்றி சொல்லக் கூடாதா?"

சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதோடு விடவில்லை. மெழுகுதிரித் தட்டின் சூட்டில் நின்றபடியே முழுக் கதையையும் சொன்னார்.

கெலிஓயாவில் ஒரு ஞானஸ்நான விருந்து. அங்கே கொடுத்த முறுக்கு இவருடைய பல் செட்டோடு ஒத்துப்போகவில்லை. கழற்றி டிஷூவில் சுற்றிக் கார்டிகன் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது வெயில். கார்டிகனைக் கழற்றி அலுமாரிக்குள் மாட்டிவிட்டார். மறுநாள் காலை மருமகள் வீட்டைக் கூட்டி, மேசையில் கிடந்த டிஷூக்களைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். பல்லைத் தேடிய அம்மாவுக்கு இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே கதையாகிவிட்டது. கோவில் கேட்டடியில் அதைச் சத்தமாகவே சொன்னார். மருமகள் நேரே வீட்டுக்குப் போனாள். பின்னேரம் பையை எடுத்துக்கொண்டு வத்தேகமவிலுள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று கிழமைக்குப் பிறகு மழை பிடித்துக் குளிர் வந்தது. அலுமாரியைத் திறந்து கார்டிகனைப் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டால், அது விரலைக் கடித்தது.

"அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தேன் சேர். பல்லு கெடைச்சா, யாரு மேல தப்புன்னு மைக்குல சொல்ல வைக்கிறேன்னு. நான் எங்க சத்தம் போட்டேனோ அங்கேயே. மருமகளுக்கு போன்ல கோல் எடுத்தேன். பேச மாட்டேன்னா. சரி பேசாத, செவ்வாக்கெழம கோயிலுக்கு வந்து கேளுன்னேன். வந்தா சேர். வேலை முடிச்சு, பின் வாங்குல உக்காந்திருந்தா. நீங்க வாசிச்சு முடிச்சதும் எந்திருச்சுப் போயிட்டா. 'மனக்கசப்பு நீங்குச்சு'ன்னு வேற சொல்லிப்புட்டீங்க. யாருக்கு சேர் நீங்குச்சு?"

நான் மெழுகுதிரித் தட்டைப் பார்த்தேன்.

"மூணு கெழமையா ஒரு சுண்டு அரிசி போட்டு ஆக்குறேன். பாதி எனக்கு, பாதி நாயிக்கு. இனி அவ வரமாட்டா."

சொல்லிவிட்டு அவர் அழவில்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்ல என்னிடம் நிறைய வார்த்தைகள் உண்டு.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். முடிந்தவரை சுற்றறிக்கைத் தமிழில்தான் சொன்னேன். தவறு ஒன்று ஏற்பட்டுவிட்டது என்று. மனைவி கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏற்பட்டதோ? நீங்கள் செய்தனீங்கள். ஒரு மனுசி துணிஞ்சு தன்ர பிழையைச் சொல்ல வந்தா, அதை வெட்டி எறிஞ்சு போட்டு வந்திருக்கிறியள். கடிதம் கிடக்குதோ, அதையும் எறிஞ்சிட்டியளோ?"

கடிதம் இருந்தது. எதையும் எறியாமல் கோப்பில் போட்டு வைக்கும் அரசாங்கப் பழக்கம் அன்று முதன்முறையாகப் பயன்பட்டது.

"அப்ப நாளைக்கு வத்தேகமவுக்குப் போங்கோ."

"நாளைக்கு ஆபீஸ்."

"லீவு போடுங்கோ. நீங்கள் இல்லாட்டிக் கந்தோர் இடிஞ்சு விழாது."

இது உண்மை என்பதால்தான் அதிகம் வலித்தது.

போகும் வழியில் பங்குத்தந்தையைப் பார்த்தேன். அவர் தன் அறையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முதலில் பல் செட்டுக்காகச் சிரித்தார். பிறகு என்னுடைய இரண்டு வரி வடிவத்தை வாசித்துக் காட்டச் சொல்லி இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

"நான் உங்கள வாசிக்கத்தானே சொன்னேன்? எழுதச் சொல்லலையே?"

"இல்ல ஃபாதர்."

"எத்தனை மாசமா இது நடக்குது?"

சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ மூலம் குணமான ஆளு இன்னும் தன்னோட நன்றிய யாரும் வாசிக்கலைன்னு நெனைச்சிட்டிருப்பாரு. பாவம். சரி, வர்ற செவ்வாய் அந்த அம்மாவோடத முழுசா வாசிங்க. எழுதினது எழுதினபடி. ஒரு எழுத்து விடக்கூடாது, கேட்டீங்களா?"

பாவசங்கீர்த்தனத்தில் இதுவரை எனக்குக் கிடைத்த தண்டனைகளெல்லாம் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் அளவிலானவை. இது கொஞ்சம் கூடத்தான்.

அம்மாவிடம் மருமகளின் விலாசம் கேட்கப் போனேன். கொடுத்துவிட்டு, "நான் அனுப்புனேன்னு சொல்லிறாதீங்க" என்றார். வேறு கடிதம் எழுதித் தருகிறீர்களா என்று கேட்டேன். "அதையே வாசிங்க சேர். ஒரு தடவ எழுத மூணு நாள் போச்சு. இன்னொரு தடவ எழுதுற அளவுக்கு நான் நல்ல மனுசி இல்ல" என்றார்.

வத்தேகம பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. என் மனைவியாக இருந்தால் அந்த இடத்திலேயே நன்றி சொல்லியிருப்பார். நான் போய்ச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒத்திகையில் நான் மிகவும் கண்ணியமாக இருந்தேன்.

சந்தைக்கு மேலே, தோட்டத்துக்குப் போகும் பாதையோரத்தில் வீடு. முற்றத்தில் சாக்கை விரித்துக் கராம்பு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் மருமகளின் அம்மா. நான் யார் என்று சொன்னதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தா புள்ள, பொருள்காரரு வந்திருக்காரு!"

என் புகழ் எனக்கு முன்பே பஸ் பிடித்து வந்துவிட்டது தெரிந்தது.

மருமகள் வெளியே வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை. அன்று அவளுக்கு லீவு நாள். எனக்குக் கதிரை போட்டாள், பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதனாலேயே பயமாக இருந்தது.

"தப்பு என்னோடது" என்று தொடங்கினேன். ஒத்திகையில் இந்த வசனம் கடைசியில்தான் வந்தது. "உங்க அத்தை எல்லாத்தையும் எழுதித்தான் குடுத்தாங்க. நான்தான் வெட்டிட்டேன்."

"ஏன் சேர் வெட்டினீங்க?"

"அழகா இருக்கணும்னு."

"அன்னைக்குக் கேட் கிட்ட எங்க அத்தை பேசினது அழகா இல்ல சேர். ஆனா நல்லா வெளங்குச்சு. மேல் பல்லு இல்லாமலே அவ்வளவு தெளிவா ஏசினாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழக்கடைக்காரரு தராசைக் கீழ வச்சுட்டுக் கேட்டாரு."

அவளுடைய அம்மா முற்றத்திலிருந்து சொன்னார்: "எம் மவ வீட்டைக் கூட்டுனது தப்பாப் போச்சு. கூட்டாம இருந்திருந்தா, கூட்டலைன்னு ஏச்சு. அது சின்ன ஏச்சாவது."

கடிதத்தை எடுத்து நீட்டினேன். "இந்தாங்க, நீங்களே வாசிச்சுப் பாருங்க. எல்லாம் இருக்கு."

அவள் கையை நீட்டவில்லை. "வேணாம் சேர். ஏச்சைக் காதால கேட்டேன். இதையும் காதாலதான் கேக்கணும். அன்னைக்கு இருந்தவங்க எல்லாரும் கேக்கணும்."

"அப்போ வர்ற செவ்வாய் வருவீங்களா?"

"வாறேன். இன்னொரு தடவ பொருள்ன்னு வாசிச்சா, அதுக்கப்புறம் அத்தை வீட்டுல இருக்கிற என்னோட உடுப்பையெல்லாம் எடுக்கத்தான் வருவேன்."

கருப்பட்டித் துண்டு என் வாயில் கரைய மறுத்தது. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொறுப்புகளைச் சுமக்கிறார்கள். ஒரு குடும்பம் சேர்வதும் பிரிவதும் நான் மைக்கில் 'பல் செட்' என்று சொல்வதில் தங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மழை. கோவிலுக்குள் நனைந்த குடைகளின் வாடை. அம்மா முன்பக்கம் இரண்டாவது வாங்கில், அதே கார்டிகனோடு நேராக உட்கார்ந்திருந்தார். மருமகள் பின்னால், கதவுக்குப் பக்கத்தில். பையை மடியில் வைத்து வாரைக் கையில் சுற்றியிருந்தாள். எழுந்து போக வசதியாக. செய்தி பரவிவிட்டிருந்தது போலும், வழக்கத்தைவிடக் கூட்டம். வழமையாக நத்தார்ப் பண்டிகைக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் மட்டும் வருகிற சிலரைக்கூடக் கண்டேன்.

முதலில் என் பக்கத்தைச் சொன்னேன். போன கிழமை ஒரு கடிதத்தை நான் சுருக்கினேன், சுருக்கியதில் உண்மை விழுந்துவிட்டது, இன்று எழுதியபடியே வாசிக்கிறேன் என்றேன். அந்தோனியாரின் சுரூபம் என்னைப் பார்ப்பது போல இருந்தது. பங்குத்தந்தை நிச்சயமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

'என் மேல் பல் செட் காணாமல் போனது' என்று வாசித்தேன். யாரோ இருமினார்கள். கூரை இடிந்து விழவில்லை. கேட்டடிக்கு வந்தேன். ஏச்சுக்கு வந்தேன். 'நான் சோறு தின்னக்கூடாது என்றுதான் போட்டாள்' என்ற இடத்தில் சனங்கள் தங்கள் நனைந்த குடைகளைப் பார்த்தார்கள். அன்றைக்கு அதைக் கேட்டவர்கள் பலர் அங்கே இருந்தார்கள், கேட்டுக்கொண்டு சும்மா நின்றவர்கள். நானும் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. த்ரீவீல் ஒன்றைப் பிடிக்கும் அவசரத்தில் காதைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

'வைத்தது நான். அவள் இல்லை. எல்லாருக்கும் முன்னால் சொன்ன பொய்யை எல்லாருக்கும் முன்னால் எடுக்கிறேன். அந்தோனியாரே, பல்லைக் காட்டிக் கொடுத்தீர். மருமகளையும் கூட்டிக்கொண்டு வாரும்.'

இது முதல் தாளின் முடிவு. பின்னால் பார்க்கத் துணியவில்லை. தாளைப் புரட்டினேன். போன கிழமை நான் இரண்டாம் தாளை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. பொருளைப் பிடித்ததும் பேனையை எடுத்துவிட்டேன். மழை இருட்டில் மைக்குக்கு மேலே இருந்த பல்பும் தன் கடமையைப் பெயருக்குத்தான் செய்தது. எழுதினது எழுதினபடி என்ற ஒரே எண்ணத்தோடு வாசித்துக்கொண்டு போனேன்.

'அவள் இல்லாத மூன்று கிழமையில் எனக்குத் தெரிந்தது. அவள் வைக்கும் மீன் குழம்பு...'

இந்த இடத்தில்தான் அந்த எழுத்துகளின் நடுவே நீலக் கோடு ஒன்று ஓடுவது கண்ணில் பட்டது. எழுதிய பிறகு அம்மா வெட்டிய வரி. இரண்டு தடவை கோடு கிழித்து வெட்டியிருந்தார். பேனை தாளை அழுத்திய அழுத்தத்தில், வெட்டிய பிறகும் எழுத்துகள் அச்சடித்த மாதிரி நின்றன.

நிறுத்தினேன். குழம்பு என்ன ஆனது என்று நூற்றுக்கணக்கான முகங்கள் என்னைக் கேட்டன. வெட்டியதை வாசிப்பது முறையல்ல. ஆனால் பாதியில் விட்டால் அந்தக் குழம்பைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடித்துக்கொள்வார்கள். மருமகள் எப்படி முடித்துக்கொள்வாள் என்பதும் தெரிந்ததே. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்ற விஷயத்தில் என் தீர்ப்பின் இலட்சணத்தைப் போன கிழமை பார்த்தாயிற்று. அதனால் தொடர்ந்து வாசித்தேன்.

'...என் குழம்பைவிட நல்லது. முதல் நாளே தெரியும். இதை உயிர் உள்ளவரை அவளிடம் சொல்லமாட்டேன். அந்தோனியாரே, நீரும் சொல்லாதேயும்.'

இரண்டாவது வாங்கிலிருந்து அம்மா எழுந்து நின்றார்.

"சேர்! அத நான் வெட்டிப்புட்டேன்!"

கோவில் சிரித்தது. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி, முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பிறகு ஒரே இரைச்சலாக. பங்குத்தந்தை பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். மருமகள் இரு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது. கையில் சுற்றியிருந்த வார் அவிழ்ந்து, பை மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்திருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. நவநாளின் கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்தாள்.

வெளியே கேட்டடியில் மழை விட்டிருந்தது. அம்மா முதலில் என்னிடம்தான் வந்தார்.

"போன கெழம வெட்டக் கூடாதத வெட்டினீங்க. இந்தக் கெழம வெட்டினத வாசிக்கிறீங்க. ஒங்களுக்கு ஆபீசுல சம்பளம் குடுக்குறாங்களா சேர்?"

கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை என்றும் சொன்னேன்.

அதற்குள் மருமகள் வந்து பக்கத்தில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள். சனங்கள் போகாமல், குடையை மடிப்பதற்கு இவ்வளவு நேரமா என்று கேட்கும்படி அங்கங்கே நின்றார்கள். அன்றைக்கு நடந்ததைக் கேட்டவர்கள் இன்றைக்கும் கேட்கவேண்டாமா?

"அத்தை."

"என்னா?"

"முதல் நாளேவா?"

அம்மா கார்டிகனின் பொத்தானைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "உப்பு கொஞ்சம் கூடத்தான்" என்றார்.

"வீட்டுக்குப் போற வழியில மீன் வாங்குவோமா?"

"செவ்வாக்கெழமையில மீனா? அந்தோனியாருக்கு ஒருசந்தி வெரதம்."

"அப்போ நாளைக்கு வாங்குவோம். நாளைக்கு யாரு ஆக்குறது?"

அம்மா குடையை ஒரு தடவை உதறினார். கட்டுகஸ்தோட்டைப் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பழக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான் மூச்சு விடவில்லை. என் வயதில் அது நல்லதல்ல.

"நீதான்" என்றார் அம்மா. "ஆனா புளியை நான் கரைப்பேன்."

மருமகள் அவருடைய கையிலிருந்த ஈரக் குடையை வாங்கிக்கொண்டாள். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். புளியை எவ்வளவு கரைப்பது என்பதில் பத்தடி தாண்டுவதற்குள் கருத்து வேறுபாடு தொடங்கிவிட்டது. வளைவு திரும்பும் வரைக்கும் இரண்டு குரலும் தெளிவாகக் கேட்டன. ஒரு சொல்லையும் வெட்டத் தோன்றவில்லை.